விற்பவர் யார் என்பதே முதல் கேள்வி: ஜவ்வாது மலையும் சுற்றுலாச் சந்தைப்படுத்தலும்

ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பதிவான உள்நாட்டுப் பயணிகளின் வருகை ஏறத்தாழ 49 கோடி. உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம் நமக்கு. இந்தப் பெருங்கூட்டத்தில் கணிசமானோர் திருவண்ணாமலைக்கும் வேலூருக்கும் போகிறவர்கள். இரண்டு ஊர்களுக்கும் மேற்கே வானத்தை மறித்துக்கொண்டு கிடக்கிறது ஜவ்வாது மலை. அதன் அடிவாரச் சாலையில் லட்சக்கணக்கானோர் கடந்து போகிறார்கள். மலை ஏறுகிறவர்கள் மிகச் சிலரே.

இதைக் குறை என்று கருதி, விளம்பரத்தைப் பெருக்கிப் பயணிகளைக் கொண்டுவர வேண்டும் என்று அரசும் தனியாரும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் நியாயம் உண்டு. ஆனால் சுற்றுலாவைப் பற்றி உலகம் அரை நூற்றாண்டாகக் கற்றதையும் நம் மலைகளே பட்டு அறிந்ததையும் சேர்த்துப் பார்த்தால், விளம்பரம் இரண்டாவது வேலை என்று தெரிகிறது. முதல் வேலை, வருகிறவருக்கு விற்கப்போவது யார், அந்தப் பணம் எந்த வீட்டில் தங்கும் என்பதை முடிவுசெய்வது. ஜவ்வாது மலையை முன்வைத்து அந்தக் கேள்வியை முழுதாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையும் மக்களும்

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கிளை. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவியிருக்கிறது. திருப்பத்தூர் 2019இல் தனி மாவட்டம் ஆனபின் ஒரே மலை மூன்று ஆட்சியர்களின் கீழ் வந்துவிட்டது. மலையின் நடுவே ஜமுனாமரத்தூர் வட்டத் தலைநகராக இருக்கிறது. திருப்பத்தூர்ப் பக்கம் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று ஊர்த்தொகுதிகள் நாட்டுப் பெயரோடு விளங்குகின்றன. பாலாற்றோடு சேரும் செய்யாறு இந்த மலையில்தான் பிறக்கிறது.

இங்கு வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் நாங்கள் என்பது அவர்களுடைய மரபுக் கதை. சாமை, கேழ்வரகு, புளி, தேன், கடுக்காய், பலா, சீத்தாப்பழம் ஆகியவை அவர்களின் பொருளாதாரம். ஒரு காலத்தில் சந்தனமும் இருந்தது. அதன் பெயரால் வந்த கடத்தலும் வழக்குகளும் மலைக்காரர்கள் தலையில் விடிந்தன. வருமானம் போதாமல் இளைஞர்கள் வெளி மாநிலங்களுக்குக் கூலிக்குப் போகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரத்தின் செம்மரக் கடத்தல் தடுப்புச் சிறப்புப் படை சுட்டதில் 20 தமிழ்த் தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் இந்த மலையையும் இதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள். ஜவ்வாது மலையில் சுற்றுலா பற்றிப் பேசுகிற எவரும் இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். ஊரிலேயே ஒரு கௌரவமான வேலை கிடைப்பது இங்கே உயிர் சார்ந்த விஷயம்.

காண்பதற்கு என்ன இருக்கிறது? ஜமுனாமரத்தூர் அருகே பீமன் அருவியும் கோலப்பன் ஏரிப் படகுத்துறையும், வேலூர்ப் பக்கம் அமிர்தி வனவிலங்குப் பூங்காவும் அருவியும் உண்டு. குள்ளர் குகை என்று மக்கள் அழைக்கும் பெருங்கற்காலக் கல்திட்டைகள் மலை மேல் இருக்கின்றன. அடிவாரத்தில் செங்கம் வட்டாரம் பல்லவர் கால நடுகற்களுக்குப் பேர்பெற்றது. எல்லாவற்றுக்கும் மேலாகக் காவலூர் வானாய்வகம். பெங்களூருவின் இந்திய வானியற்பியல் நிறுவனம் நடத்தும் இந்த ஆய்வகத்தில் 1968இல் கண்காணிப்பு தொடங்கியது. வியாழனின் நிலவான கானிமீடுக்கு வளிமண்டலம் உண்டு என்பதற்கான சான்று 1972இல் இங்கிருந்து கிடைத்தது. இடத்தைத் தேர்ந்தெடுத்த வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986இல் பிரதமர் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். 1988இல் இங்கு கண்டறியப்பட்ட சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது.

கோட்பாடுகள் சொல்வது

சந்தைப்படுத்தல் என்றால் பொருள், விலை, இடம், விளம்பரம் என்ற நான்கும் சேர்ந்தது என்று 1960இல் ஜெரோம் மெக்கார்த்தி வகுத்தார். நம் ஊர்ச் சுற்றுலாத் திட்டங்களில் இந்த நான்கில் விளம்பரம் மட்டும் கொழுத்து, மற்ற மூன்றும் மெலிந்து கிடக்கின்றன.

பயணிகள் எல்லாரும் ஒரே வகையினர் இல்லை என்பதை 1970களில் ஸ்டான்லி பிளாக் விளக்கினார். பழகிய உணவும் உறுதியான படுக்கையும் தேடுகிறவர்கள் ஒரு முனை. புதிய இடத்தை, புதிய மனிதரைத் தேடிப் போகிறவர்கள் மறுமுனை. முதலில் வருகிறவர்கள் இரண்டாம் வகை. அவர்கள் சொல்லித்தான் மற்றவர்கள் வருகிறார்கள். கூட்டம் கூடியதும் முதலில் வந்தவர்கள் விலகிவிடுகிறார்கள். ரிச்சர்ட் பட்லர் 1980இல் ஒரு சுற்றுலாத் தலத்தின் ஆயுளையே படிகளாக வகுத்தார்: கண்டறிதல், ஊரார் பங்கேற்றல், வளர்ச்சி, நிலைபெறல், தேக்கம், அதன்பின் சரிவு அல்லது மறுபிறப்பு. ஊரார் கையிலிருந்து வெளியார் கைக்கு வியாபாரம் மாறுவது மூன்றாம் படியில்தான் என்பது அவருடைய முக்கியமான கணிப்பு.

ஜவ்வாது மலை இன்று முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் இடையில் நிற்கிறது. எதிரே தெரியும் ஏலகிரி மூன்றாம் படியில் இருக்கிறது. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சென்னையும் பெங்களூருவும் வார இறுதிகளில் அங்கே ஏறுகின்றன. விடுதிகள் பெருகின, நிலம் பெருமளவில் கைமாறியது. மலையாளிகளே அந்த மலைக்கும் உரியவர்கள். அவர்களில் பலருக்கு மிஞ்சியது விடுதிகளில் கூலி வேலை. உதகையும் கொடைக்கானலும் இன்னும் மேலே போய்விட்டன. 2024 மே மாதம் முதல் அங்கே போக இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 கோடையில் உதகைக்கு வார நாட்களில் 6000, வார இறுதியில் 8000 வாகனங்கள் என்று உச்சவரம்பே வந்தது. நூறாண்டு விளம்பரத்தால் கூட்டிய கூட்டத்தைச் சட்டத்தால் தடுக்கும் நிலை அது. தேவையைத் திட்டமிட்டுக் குறைப்பதும் சந்தைப்படுத்தலின் பகுதி என்று பிலிப் கோட்லரும் சிட்னி லெவியும் 1971லேயே எழுதியிருந்தார்கள். நாம் அதைத் தாமதமாகப் படிக்கிறோம்.

இதுவரை நடந்தது

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971இல் தொடங்கப்பட்டது. அரை நூற்றாண்டில் அதன் கவனம் கோயில், கடற்கரை, உதகை, கொடைக்கானல் ஆகியவற்றைச் சுற்றியே இருந்தது. 2023இல் வந்த மாநிலச் சுற்றுலாக் கொள்கை சாகசச் சுற்றுலா, சூழல் சுற்றுலா, ஊரகச் சுற்றுலா ஆகியவற்றுக்கும் இடம் கொடுத்துச் சுற்றுலாவுக்குத் தொழில்துறைத் தகுதி அளித்தது. வரவேற்க வேண்டிய திருப்பம் இது.

ஜவ்வாது மலையைப் பொறுத்தவரை அரசின் பெரிய விளம்பர நிகழ்ச்சி ஜமுனாமரத்தூரில் நடக்கும் கோடை விழா. மேடை, துறைவாரிக் கண்காட்சி அரங்குகள், கலை நிகழ்ச்சிகள், நலத்திட்ட உதவிகள் என்று அது நிறைந்திருக்கும். மலை மக்களுக்கு அது கொண்டாட்டம்; அதில் ஐயமில்லை. ஆனால் விழா முடிந்த மறுவாரம் ஒரு குடும்பம் சென்னையிலிருந்து வந்தால் எங்கே தங்குவது, யாரைக் கேட்பது, எந்த வீட்டில் சாமைச் சோறு கிடைக்கும் என்பதற்கு விழா விடை வைத்துவிட்டுப் போவதில்லை. விளம்பரம் ஆசையை மூட்டுகிறது. அந்த ஆசையை வருமானமாக மாற்றும் விற்பனை ஏற்பாடு இல்லை.

அந்த வெற்றிடத்தைக் கைப்பேசிக் காணொளிகள் நிரப்புகின்றன. யாரோ அருவியை அரை நிமிடம் படம் பிடித்துப் போடுகிறார்கள். அடுத்த ஞாயிறு பைக்குகளும் கார்களும் வந்து நிற்கின்றன. உணவுப் பொட்டலமும் தண்ணீர் பாட்டிலும் மதுவும் கீழேயே வாங்கிக்கொண்டு வருகிறார்கள். குப்பையை மலையில் விட்டுப் பணத்தைச் சமவெளியில் செலவழித்துவிட்டுப் போகிறார்கள். பயணி வந்தார் என்று கணக்கில் ஏறும்; மலைக்கு ஒன்றும் ஏறாது.

பிற இடங்களின் பாடம்

மூன்று இடங்கள் நமக்கு நேரடியாகப் பயன்படும்.

முதலாவது கேரளத்தின் குமரகம். 1989இல் பிறந்த ஒரு விளம்பர வாசகத்தால் கேரளம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் 2000களில் குமரகத்து மக்கள் விடுதிகள் மீது வெறுப்புக் கொண்டிருந்தார்கள். 2008இல் பொறுப்புச் சுற்றுலா என்ற திட்டம் நான்கு இடங்களில் சோதனையாகத் தொடங்கியபோது, விடுதிகளுக்குத் தேவையான காய்கறியையும் பிற பொருட்களையும் குடும்பஸ்ரீ சுய உதவிக் குழுப் பெண்களிடம் வாங்கும் ஏற்பாடு குமரகத்தில் வந்தது. ஓலை முடைவதும் கயிறு திரிப்பதும் மீன் பிடிப்பதும் கட்டணம் செலுத்திக் காணும் கிராம அனுபவங்கள் ஆயின. 2013ஆம் ஆண்டுக்கான ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பின் யுலிசிஸ் விருது இதற்குக் கிடைத்தது. வாங்குகிறவரையும் விற்கிறவரையும் கூட்டிவைக்கும் ஒப்பந்தம்தான் குமரகத்தைத் திருப்பியது.

இரண்டாவது அரக்குப் பள்ளத்தாக்கு. ஆந்திரத்தில் நம்மைப் போலவே கிழக்குத் தொடர்ச்சி மலையில் பழங்குடியினர் வாழும் இடம். அங்கே விளையும் காபி, நாந்தி அறக்கட்டளையின் முயற்சியால் அரக்கு என்ற பெயரோடு 2017இல் பாரிசில் கடை திறந்தது. 2019இல் புவிசார் குறியீடும் பெற்றது. இப்போது காபிக்காகவே மலைக்கு வருகிறார்கள். அரக்கு, அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி; அங்கே பழங்குடியினர் நிலத்தை மற்றவர் வாங்க ஆந்திரச் சட்டம் தடை விதிக்கிறது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை. அந்த அரண் இல்லாத ஜவ்வாது மலையில், விளம்பரம் முந்தி வந்தால் முதலில் விலைபோவது நிலம்தான்.

மூன்றாவது லடாக்கின் ஹான்லே. காவலூரை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இன்னொரு ஆய்வகம் இருக்குமிடம். 2022இல் அந்தப் பகுதி இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. சுற்றுவட்டார ஊர்களைச் சேர்ந்த இருபதுக்கும் மேற்பட்டோருக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, வானியல் பயிற்சியும் தொலைநோக்கிகளும் வழங்கப்பட்டன. அவர்கள் தங்கள் வீட்டு முற்றத்தில் விருந்தினருக்கு விண்மீன்களைக் காட்டிச் சம்பாதிக்கிறார்கள். விளக்குகளை அடக்கிவைப்பது ஊருக்கு வருமானம் என்று ஆனபின், இருளை ஊரே காக்கிறது. தமிழ்நாடு அரசும் கொல்லிமலையில் இருள்வானப் பூங்கா அமைப்பதாக அறிவித்தது. அரை நூற்றாண்டாக வானாய்வகத்தை மடியில் வைத்திருக்கும் ஜவ்வாது மலைக்கு இதில் முதல் உரிமை உண்டு.

யாரை அழைப்பது

விளம்பரச் செலவு குறைவாகவும் பயன் மிகுதியாகவும் இருக்க வேண்டுமானால், ஏற்கெனவே பக்கத்தில் வந்து நிற்பவரை அழைக்க வேண்டும்.

திருவண்ணாமலைக்கு ஒவ்வொரு பௌர்ணமியும் லட்சக்கணக்கானோர் வந்து 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறார்கள். ஜமுனாமரத்தூர், திருவண்ணாமலை–வேலூர் சாலையிலுள்ள போளூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். அந்தக் கூட்டத்தை அப்படியே மலைக்குத் திருப்புவது பேரழிவு. ஆனால் திருவண்ணாமலையில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்கும் ஆசிரம அன்பர்களும் வெளிநாட்டினரும் தனி வகை. அமைதியைத் தேடி வந்தவர்கள். இரண்டு நாள் மலைவீட்டில் தங்கச் சொன்னால் வருவார்கள்.

வேலூரில் 1900இல் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. பரிசோதனை முடிவுக்கும் அடுத்த சந்திப்புக்கும் இடையே லாட்ஜ் அறையில் நாள் கழிகிறது. அவர்களுடன் துணைக்கு வந்தவர்களுக்கு அமிர்தி வரை ஒரு பகல் பயணம், இந்தியிலும் வங்காளத்திலும் ஒரு சிறு கையேடு, நியாயமான கட்டணம்: இது வியாபாரமும் ஆகும், ஆறுதலும் ஆகும்.

மூன்றாவது வகை பள்ளி, கல்லூரி மாணவர்கள். வானியல், தாவரவியல், தொல்லியல், மானிடவியல் நான்கையும் ஒரே மலையில் படிக்கலாம். பள்ளிகள் வார நாட்களில் வரும், முன்பதிவு செய்யும், ஆசிரியர் கண்காணிப்பில் இருக்கும், ஆண்டுதோறும் திரும்ப வரும். நான்காவது, சென்னை, பெங்களூருக் குடும்பங்கள். குழந்தைக்குச் சாமைக்கதிரைக் காட்ட வேண்டும், நல்ல தேன் வாங்க வேண்டும் என்று நினைப்பவர்கள் அவர்களில் பலர். ஒலிபெருக்கியும் மதுவும் தேடி வருகிறவர்களுக்கு இங்கே இடமில்லை என்பதை விளம்பரத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

எதை, எப்போது விற்பது

ஜவ்வாது மலையை ஏழைகளின் ஊட்டி என்று அழைப்பது தவறான விற்பனை. குளிருக்காக வருகிறவர் அடுத்த முறை இன்னும் குளிர்ந்த இடத்துக்குப் போவார். இங்கு மட்டும் உள்ளதை விற்க வேண்டும். காலம் பார்த்து விற்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், சனவரி முதல் காவலூர் வானம் தெளிகிறது. அப்போது அமாவாசையை ஒட்டிய இரவுகளை விற்கலாம். பௌர்ணமி திருவண்ணாமலைக்கு, அமாவாசை ஜவ்வாது மலைக்கு என்று ஒரு நாட்காட்டி மக்கள் மனத்தில் பதிந்துவிட்டால் அதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டாம். ஆய்வகத்தின் பணிக்கு இடையூறு கூடாது என்பதால், அதன் பார்வையாளர் நேரத்தை நம்பியிராமல், ஊர்களில் சிறு தொலைநோக்கிகளோடு பயிற்சி பெற்ற மலைப்பிள்ளைகளே காட்ட வேண்டும். விடுதிகளின் வெள்ளொளி விளக்குகள் வந்துவிட்டால் இந்தச் சரக்கே அழிந்துவிடும், ஆய்வகமும் பாதிக்கப்படும். ஆகவே விளக்குக் கட்டுப்பாடு முதல் நாளிலிருந்தே வேண்டும்.

கோடையில் பலாவும் தேனும். தென்மேற்குப் பருவத்தில் மழை பெய்தபின் அருவி. அதை ஒட்டிச் சீத்தாப்பழக் காலம். போளூர், திருப்பத்தூர்ச் சந்தைகளில் கூடையாகக் குறைந்த விலைக்குப் போகும் பழத்தை விருந்தினர் மரத்தடியிலேயே வாங்கும்போது விலையும் மரியாதையும் கூடும். மழைக்காலத்தின் முடிவில் சாமை அறுவடை. கதிரடிப்பதைக் கண்டு, குத்திய சாமையில் பொங்கிய சோற்றைக் களத்துமேட்டில் உண்டவர், ஊருக்குப் போனபின்னும் அந்தச் சாமையையே கேட்பார். பயணி வருவது ஒருமுறை; அவர் வாடிக்கையாளராக இருப்பது ஆண்டு முழுதும். மலையிலுள்ள உழவர் உற்பத்தியாளர் நிறுவனமும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் தபாலில் அனுப்பும் வசதியை வைத்துக்கொண்டால், சுற்றுலாவின் நிலையான ஆதாயம் அறை வாடகையைவிட இதில்தான் மிகுதியாக இருக்கும்.

எப்படி விற்பது

ஒன்றிய அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய பழங்குடியினர் கிராம மேம்பாட்டு இயக்கத்தில் ஆயிரம் பழங்குடி இல்லத் தங்கல்களுக்கு வழி உண்டு. புதிதாக இரண்டு அறை கட்ட ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம், இருப்பதைச் சீரமைக்க 3 லட்சம், ஊர்ப் பொதுத் தேவைக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். இதைப் பெற்றுத்தர மூன்று மாவட்ட நிர்வாகங்களும் ஒரே குழுவாக உட்கார வேண்டும். அறை எந்த ஊரில் எவ்வளவு என்பதை மரபுத் தலைவர்களான ஊர்க் கவுண்டரும் நாட்டாரும், பெண்கள் குழுக்களும் கூடி முடிவுசெய்ய வேண்டும்.

முன்பதிவுக்கு ஒரே வாசல் போதும். மாநில வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய டிரெக் தமிழ்நாடு திட்டம் 14 மாவட்டங்களில் 40 மலையேற்றத் தடங்களுக்கு இணையவழிப் பதிவையும், உள்ளூர் இளைஞர்களை வழிகாட்டிகளாக்கும் முறையையும் கொண்டுவந்தது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்ற 23 பேரைப் பறிகொடுத்தபின் வந்த ஒழுங்கு அது. காட்டுத்தீக் காலத்தில் தடங்களை மூடவும் அத்திட்டம் தயங்கவில்லை. ஜவ்வாது மலையின் வீடு, வழிகாட்டி, வண்டி, சாப்பாடு எல்லாம் அப்படி ஒரு பதிவில் கிடைக்க வேண்டும். கட்டணத்தில் வீட்டுக்கு எவ்வளவு, வழிகாட்டிக்கு எவ்வளவு, ஊர் நிதிக்கு எவ்வளவு என்று ரசீதிலேயே அச்சிட வேண்டும். தன் பணம் போகுமிடம் தெரிந்த விருந்தினர் பேரம் பேசமாட்டார். நாலு பேருக்குச் சொல்லவும் செய்வார்.

விலையைக் குறைத்துக் கூட்டம் சேர்க்கும் வழக்கம் இங்கே ஆகாது. பூட்டான் தன் பயணிகளிடம் நாள் ஒன்றுக்கு 100 டாலர் கட்டணம் வாங்குகிறது. இந்தியர்களுக்கு 1200 ரூபாய். நாம் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஒருநாள் வந்துபோகும் வாகனத்துக்குக் கட்டணத்தைக் கூட்டி, இரண்டு இரவு தங்குகிறவருக்குச் சலுகை தரலாம். தங்குகிறவரே உண்கிறார், வாங்குகிறார், பேசுகிறார்.

விளம்பரத்தின் மொழி பற்றியும் ஒரு சொல். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் இதே வட்டாரத்துக்கு வழிசொல்லும் நூல். இன்றைய செங்கமான செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் கூத்தரை அனுப்ப, பெருங்கௌசிகனார் 583 அடிகளில் பாடியது. எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும் என்று சொல்லும் அதே வாயால், பன்றிக்கு வைத்த பொறி எங்கே, வழுக்கும் பாறை எங்கே, புனம் காப்பவரின் கவண்கல் எங்கே பாயும் என்பதையும் அது சொல்கிறது. வழிசொல்கிறவர் தாமே போய் வந்தவர். ஆபத்தையும் சேர்த்துச் சொன்னதால்தான் விருந்தைப் பற்றிச் சொன்னதும் நம்பிக்கைக்கு உரியதாகிறது. வறண்ட மாதத்தில் அருவி இராது, இந்தச் சாலையில் இரவில் வராதீர்கள், இங்கே கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்காது என்று எழுதும் விளம்பரத்துக்கு இன்றைக்கும் அந்த மதிப்புக் கிடைக்கும்.

எல்லை எங்கே

முதல் எல்லை அடிப்படை வசதி. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, சாலை இல்லாததால் உரிய நேரத்தில் மருத்துவமனையை அடையாமல் இறந்தது. உடலைத் தாய் கையில் ஏந்தி நடந்தார். விருந்தினர் வரும் ஊருக்குச் சாலை முதலில் போடப்பட்டு, விருந்தினர் வராத ஊர் காத்திருக்குமானால் அந்தச் சுற்றுலா அநீதியானது. சாலை, ஆம்புலன்ஸ், ஆரம்ப சுகாதார நிலையம் மூன்றும் குடிமக்களின் உரிமை. சுற்றுலாத் திட்டத்தின் பெயரால் அவை விரைவாக வந்தால் மகிழ்ச்சி. சுற்றுலாவுக்காகக் காத்திருக்கக் கூடாது.

நிலம் இன்னொரு எல்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், நீதிமன்றத் தடை 2016இல் விலகிய பிறகே தமிழ்நாட்டில் உயிர்பெற்றது. தனிப் பட்டாக்களோடு, ஊர் மொத்தத்துக்குமான சமுதாய வன உரிமையும் கிடைத்துவிட்டால், காட்டுப்பாதையையும் அருவியையும் பயன்படுத்தும் கட்டணத்தில் கிராம சபை உரிமையோடு பங்கு கேட்கலாம். உரிமை கைக்கு வந்தபின் வரும் சுற்றுலா வேறு. உரிமை வருமுன் வரும் சுற்றுலா வேறு.

மூன்றாவது எல்லை மக்களின் தன்மானம். அவர்களுடைய திருவிழாவும் தெய்வமும் காட்சிப்பொருள் இல்லை. எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்பதை அவர்களே சொல்ல வேண்டும். வேண்டாம் என்று ஓர் ஊர் சொன்னால் அந்த ஊர் வரைபடத்திலிருந்து நீங்க வேண்டும்.

செய்ய வேண்டியது

சுற்றுலாவின் வெற்றியைத் தலைக்கணக்கில் அளக்கும் வரை ஏலகிரியும் உதகையும் நடந்த வழியிலேயே ஜவ்வாது மலையும் நடக்கும். அளவுகோலை மாற்ற வேண்டும். எத்தனை இரவு தங்கினார்கள், செலவில் எவ்வளவு மலைவீடுகளுக்குப் போனது, எத்தனை இளைஞர்கள் வெளியூர்க் கூலியை விட்டு ஊரில் நின்றார்கள் என்ற மூன்று எண்களை ஆண்டுதோறும் மூன்று மாவட்டங்களும் வெளியிடட்டும்.

வரிசையும் முக்கியம். முதலில் நில உரிமையும் சாலையும், அடுத்து ஊர்ப் பொறுப்பில் வீடுகளும் வழிகாட்டிகளும், அதன்பின் ஒரே வாசலில் முன்பதிவு, கடைசியில் விளம்பரம். இன்று இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது; மேடை முதலில் வந்து, மக்கள் பார்வையாளர்களாக அமர்கிறார்கள். ஏலகிரிக்குக் காலம் கடந்துவிட்டது. ஜவ்வாது மலைக்கு இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. வரிசையை மாற்ற அவை போதும், இப்போதே தொடங்கினால்.